தோற்கும் அணியின் பொறுப்பை ஏற்கலாமா?

"தோற்றுக்கொண்டே வரும் ஒரு கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வரும்படி என்னை அழைக்கிறார்கள். போனால் இத்தனை நாள் சேர்த்த பெயர் போய்விடும் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். போகாவிட்டாலோ, அஞ்சி ஒதுங்கிவிட்டாய் என்று என் மனமே இடித்துரைக்கிறது. இதில் மார்க்கம் ஏதேனும் வழி சொல்கிறதா?"

ஆம்பூர் வட்டாரத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கும் ஒரு சகோதரர் கேட்ட கேள்வி இது. பந்தாட்டத்துக்குமா மஸ்அலா என்று சிலர் புன்னகைக்கலாம். ஆனால் சற்று நின்று பாருங்கள். கடன் ஏறிப்போன ஒரு தோல் தொழிற்சாலைக்கு மேலாளராக வரும்படி ஒருவரை அழைக்கிறார்கள். மாணவர் குறைந்து மூடும் நிலையிலுள்ள ஒரு மதரஸாவின் நிர்வாகத்தை ஏற்கும்படி இன்னொருவரிடம் சொல்கிறார்கள். பிழைப்பாரா என்று தெரியாத நோயாளியை மருத்துவர் கையில் எடுக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் இதே கேள்விதான். முடிவு நம் கையில் இல்லாத, தோல்வியே அதிகம் எதிர்பார்க்கப்படுகிற ஒரு பொறுப்பை ஏற்பது அறிவுடைமையா, அல்லது தற்பெருமையா? ஒதுங்குவது பேணுதலா, அல்லது கோழைத்தனமா?

கால்பந்து ஆடலாமா என்பதில் நான் நீண்ட நேரம் நிற்கப்போவதில்லை. தொழுகை நேரம் தவறாமல், மறைக்க வேண்டிய உறுப்புக்களை மறைத்து, சூதும் பந்தயமும் கலவாமல் உடலை வலுப்படுத்தும் ஆட்டம் ஆடுவது ஆகுமானதே. பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுடன் ஓடிப் பந்தயம் வைத்ததும், முதலில் நாயகி முந்தியதும், பிற்காலத்தில் பெருமானார் முந்தியதும் நாம் அறிந்தவையே.

தோல்வியைப் பற்றி ஒரு செய்தி இதைவிட முக்கியமானது. பெருமானாரிடம் 'அள்பா' என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் மனக்கஷ்டமாகிவிட்டது. அவர்களுடைய முகத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், உலகில் உயர்ந்துவிட்ட எதையும் இறக்கி வைப்பது அல்லாஹ் தன்மீது ஏற்றுக்கொண்ட வழக்கம் என்ற கருத்தில் அவர்களைத் தேற்றினார்கள். புகாரியில் பதிவான இந்நிகழ்ச்சியில், ஒட்டகத்தை ஓட்டியவர் யார், அவர் ஏன் தோற்றார் என்ற விசாரணையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் காலத்திலோ முதலில் நடப்பது அந்த விசாரணைதான்!

இக்கேள்விக்கு நூல்களில் மட்டும் விடை தேட வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே ஒருவர் இந்த நிலையில் நின்றார். இந்திய ஆண்கள் கால்பந்து அணி அப்பொழுது மிகவும் தாழ்ந்திருந்தது. ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ் என்பவரின் பயிற்சியில் 8 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றிதான், அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வங்காளதேசத்துடன் கோல் எதுவுமின்றிச் சமன் செய்து, ஜூன் 10ஆம் தேதி ஹாங்காங்கிடம் 0-1 என்று தோற்றது. ஜூலையில் உலகத் தரவரிசையில் 133ஆம் இடம். பயிற்சியாளர் விலகினார். இந்த நிலையில், ஆகஸ்ட் 1ஆம் தேதி அப்பொறுப்புக்கு அறிவிக்கப்பட்டவர் ஜனாப் காலித் ஜமீல். குவைத்தில் 1977இல் பிறந்தவர். சுமார் 13 ஆண்டுகளுக்குப் பின் இப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர்.

அவர் வேலையின்றி இருந்து, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டவர் அல்லர். ஜம்ஷெட்பூர் அணி அவருடைய பயிற்சியில் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. நாட்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற விருது தொடர்ந்து இரு முறை அவருக்குக் கிடைத்திருந்தது. வீட்டிலே நெல் இருக்கும்பொழுது வெள்ளம் புகுந்த வயலை யார் குத்தகைக்கு எடுப்பார்? அதிலும் அந்த நேரத்தில் கால்பந்து சம்மேளனமே குழப்பத்தில் இருந்தது. நாட்டின் முதல்நிலைத் தொடர் ஆட்டம் நடக்குமா என்பதே நிச்சயமில்லை. அவருடைய முதல் போட்டிக்கு ஒரு பெரிய கிளப் தன் ஆட்டக்காரர்களை அனுப்பவும் இல்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில், ஆகஸ்ட் 29இல் தஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்றது இந்தியா. ஈரானிடம் 0-3 என்று தோற்றது, ஆப்கானிஸ்தானுடன் சமன். செப்டம்பர் 8இல் ஓமனைப் பெனால்டி உதைகளில் வென்று மூன்றாம் இடம் பிடித்தது. ஊரெல்லாம் பாராட்டு! அடுத்த மாதம் சிங்கப்பூரில் 1-1. அக்டோபர் 14இல் கோவாவின் மட்காவில், சொந்த மண்ணில், அதே சிங்கப்பூரிடம் 1-2 என்று தோல்வி. அத்துடன் ஆசியக் கோப்பை வாய்ப்புப் போயிற்று. நவம்பர் 18இல் டாக்காவில் வங்காளதேசத்திடம் 0-1. 22 ஆண்டுகளுக்குப் பின் அவர்களிடம் ஏற்பட்ட தோல்வி. செப்டம்பரில் புகழ்ந்த வாய்கள் நவம்பரில் என்ன பேசியிருக்கும் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

ஆக, நண்பர்கள் பயமுறுத்தியபடியே நடந்தது. அப்படியானால் அவர் அந்தப் பொறுப்பை ஏற்றது தவறாகிவிடுமா? முடிவைப் பார்த்துச் செயலுக்கு மதிப்பிடுவது சரியென்றால், ஆகஸ்டில் அவர் செய்த ஒரே செயல் செப்டம்பரில் சரியாகவும் நவம்பரில் தவறாகவும் ஆகிவிடுகிறது. ஒரு செயல் இப்படி மாதத்துக்கு ஒரு நிறம் காட்டுமா? செய்த நேரத்தில் மனிதனுக்கு என்ன தெரியும், அவன் நிய்யத்து என்ன, தகுதி என்ன என்பவற்றைக் கொண்டல்லவா அதை நிறுக்க வேண்டும்! மறுமையில் சில நபிமார்கள் ஒரே ஒருவரைப் பின்தொடரப் பெற்றவர்களாக வருவார்கள், சிலர் பின்தொடர எவருமே இல்லாமல் வருவார்கள் என்று ஹதீஸில் வருகிறது. எண்ணிக்கையைக் கொண்டு அளந்தால் அந்த நபிமார்களின் பணியை என்னவென்று சொல்வோம்? அஸ்தக்ஃபிருல்லாஹ்!

மூத்தா போரை நினைத்துப் பாருங்கள். பந்தாட்டத்தை ஜிஹாதுக்கு நிகராக்குகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். பொறுப்பு கைமாறும் விதத்தை மட்டும் பார்க்கவே அதை இங்கே கூறுகிறேன். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 629. மூவாயிரம் பேர் கொண்ட முஸ்லிம் படை, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ரோமப் படையின் முன் நிற்கிறது. கொடியேந்திய ஜைத் பின் ஹாரிஸா (ரலி) ஷஹீதானார்கள். அடுத்து ஜஃபர் (ரலி). அடுத்து அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி). பெருமானார் நியமித்த மூன்று தளபதிகளும் முடிந்துவிட்டார்கள். கீழே விழுந்த கொடியை ஸாபித் பின் அக்ரம் (ரலி) எடுத்து, காலித் பின் வலீத் (ரலி) அவர்களிடம் கொண்டு வந்து நீட்டினார்கள். காலித் (ரலி) இஸ்லாத்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தாங்கள் வயதில் மூத்தவர், பத்ரில் கலந்துகொண்டவர், தாங்களே தகுதியானவர் என்று காலித் (ரலி) மறுத்தார்கள். உமக்குக் கொடுப்பதற்காகவே இதை எடுத்தேன் என்று ஸாபித் (ரலி) சொன்ன பின்பு ஏற்றார்கள்.

அவர்கள் ஏற்றது வெற்றிப் படையின் கொடியையா? இல்லை. மூன்று தலைவர்களை இழந்து சிதறும் நிலையிலிருந்த படை அது. அவர்களால் ரோமரைத் துரத்த முடியவில்லை. அன்றைய நிலையில் அது நோக்கமும் இல்லை. வலப்பக்கத்தவரை இடப்பக்கமும், முன்வரிசையைப் பின்னும் மாற்றி, புதிய படை வந்துவிட்டதென்று எதிரியை மயங்கச் செய்து, மீதமிருந்தவர்களைப் பத்திரமாக மதீனாவுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஊருக்குள் நுழைந்தபோது மக்கள் மண்ணை வாரி எறிந்து, ஓடி வந்தவர்களே என்று ஏசினார்கள். பெருமானார் (ஸல்) அவர்களோ, இவர்கள் ஓடியவர்கள் அல்லர், திரும்பிச் சென்று தாக்கக்கூடியவர்கள் என்று திருத்தினார்கள். அந்தக் கொடியை ஏந்தியவரை அல்லாஹ்வின் வாள்களில் ஒன்று என்று அழைத்ததும் அந்நிகழ்ச்சியை ஒட்டித்தான். அப்பட்டம் ஊர்வலம் வந்த வெற்றிக்குக் கிடைத்ததன்று. மண் எறியப்பட்ட பயணத்துக்குக் கிடைத்தது.

இனி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பொறுப்பு வந்தால் ஏற்பதே சிறப்பு என்று மார்க்கம் பொதுவாகச் சொல்லிவிடவில்லை. அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது, நீர் பலவீனமானவர், அதுவோ அமானிதம் என்று பெருமானார் தடுத்துவிட்டார்கள். அபூதர் (ரலி) அவர்களின் ஈமானிலும் வணக்கத்திலும் எவருக்கும் சந்தேகமில்லை. நல்ல மனிதர் என்பது வேறு, இந்த வேலைக்கு உரியவர் என்பது வேறு. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்றும் நபிமொழி இருக்கிறது. பயிற்சி கொடுக்கத் தெரியாத ஒருவர், அன்புக்காகவோ ஊர்ப் பாசத்துக்காகவோ அணியை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைகளின் முழங்காலும் கணுக்காலும் அவர் கணக்கில் எழுதப்படும்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீபா மன்ஸூர் கொடுத்த காஜி பதவியை மறுத்த வரலாறு நம் மதரஸாப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். நான் இதற்குத் தகுதியற்றவன் என்றார்கள் இமாம். பொய் சொல்கிறீர் என்றார் கலீபா. பொய்யன் காஜியாகலாமா என்று இமாம் திருப்பிக் கேட்டார்கள்! அன்னார் மறுத்தது வேலை கடினம் என்பதற்காக அன்று. தீர்ப்புச் சொல்லும் சுதந்திரம் தம் கையில் இருக்காது என்று கண்டார்கள். அதற்காகச் சிறையையும் ஏற்றார்கள். அதே இமாமின் மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் பின்னர் ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காஜியாக இருந்து, கலீபாவுக்கே வரி நிர்வாகத்தைப் பற்றி நூல் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியர் மறுத்ததை மாணவர் ஏற்றாரே, யார் சரி என்று கேட்பது பயனற்றது. கேட்க வேண்டியது, எனக்கு இவர்கள் கையைக் கொடுக்கிறார்களா, பெயரை மட்டும் வாங்கிக்கொள்கிறார்களா என்பதே.

நம் சகோதரரும் அழைத்தவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பதினொருவரைத் தேர்ந்தெடுப்பவர் நானா, செயலாளரா? நிர்வாகியின் மருமகன் என்பதற்காக எவரையாவது ஆடவிட வேண்டுமா? மைதானம் வாரத்தில் எத்தனை நாள் கிடைக்கும்? இவற்றுக்குத் தெளிவான விடை வராமல், நீங்கள் வாருங்கள், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னால், அன்பாகக் கைகுலுக்கிவிட்டு வந்துவிடலாம். அது கோழைத்தனம் ஆகாது. ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, வேலையும் தெரிகிறது, தோற்றால் பெயர் கெடுமே என்ற ஒன்றுதான் தடுக்கிறது என்றால், அந்த மறுப்புக்கு 'வரஃ' என்றோ பேணுதல் என்றோ பெயர் சூட்டக்கூடாது. அது பெயராசை. பதவிக்கு ஓடுகிறவனிடம் இருக்கிற அதே ஆசை, இங்கே அடக்கத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு வருகிறது. நம் ஜமாஅத்துகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இதை நிறையவே காண்கிறோம். நிதி குவிந்திருக்கும் குழுவுக்குத் தலைவராகப் பத்துப் பேர். கணக்குச் சிக்கலில் கிடக்கும் குழுவுக்கு அழைத்தால் பத்துப் பேரும், 'நான் அதற்கெல்லாம் தகுதியில்லாதவன் ஹஜ்ரத்!'

பதவியைக் கேட்கக்கூடாது என்று ஹதீஸ் இருக்க, மனுப் போடலாமா என்றும் அந்தச் சகோதரர் கேட்டிருந்தார். இந்திய அணியின் பொறுப்புக்கே 170 பேர் மனுச் செய்திருந்தார்கள். கேட்டுப் பெற்றவர் அதனிடமே ஒப்படைக்கப்படுவார், கேளாமல் பெற்றவர் உதவப்படுவார் என்று அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அதிகார ஆசையைப் பற்றியது. ஒரு வேலைக்கு ஆள் தேவை என்று அறிவித்து, தெரிந்தவர்கள் முன்வாருங்கள் என்று அழைக்கிற முறையில், தன் தகுதியை உள்ளபடி எழுதித் தருவது அந்தத் தடையில் சேராது. யூஸுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடும்படி மன்னரிடம் தாமே கேட்டார்கள்; தமக்குக் காக்கும் திறனும் அறிவும் உண்டென்பதையும் எடுத்துச் சொன்னார்கள். இதில் நான் பலமுறை வியந்த ஒன்று உண்டு. ஏழு ஆண்டு விளைச்சலுக்குப் பின் ஏழு ஆண்டு பஞ்சம் வரப்போகிறது என்பதை மன்னருக்குச் சொன்னவர்களே அவர்கள்தாம். பஞ்சம் வரும் என்று அறியாமல் அவர்கள் அந்தப் பதவியைக் கேட்கவில்லை. வரும் என்று அறிந்தே கேட்டார்கள்.

சரி, ஏற்றாயிற்று. தோல்விக்கு யார் பொறுப்பு?

எங்கள் ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிலோடு தொடர்பில்லாத வீடு குறைவு. பச்சைத் தோல் வந்து இறங்குகிறது. உப்பைக் கழுவி, ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, சதை சீவி, பிறகு பட்டைச் சாற்றிலோ குரோமிலோ பதனிடுகிறார்கள். தோலை உரித்தவன் கத்தியை ஆழமாக ஓட்டியிருந்தால், அந்தக் காயம் எந்தத் தொட்டியில் போட்டாலும் போகாது. ஆடு உயிரோடிருந்தபோது முள் கிழித்த தழும்பும் அப்படியே. அதற்காக மேஸ்திரியை எவரும் குறை கூறுவதில்லை. சுண்ணாம்பில் கிடக்க வேண்டிய காலத்துக்கு மேல் கிடந்து தோல் நைந்து போயிருந்தால், அங்கே அவர் பதில் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயதில் பந்தைத் தொட வேண்டிய பிள்ளை பதினெட்டு வயதில் தொட்டிருக்கிறான், சத்தான உணவு இல்லை, மைதானம் இல்லை. இவை பயிற்சியாளரின் தொட்டிக்கு வருமுன்பே விழுந்த கத்திக் காயங்கள். அவருடைய தொட்டியில் நடந்ததற்கு அவர் பொறுப்பு.

நம் பிக்ஹு நூல்களும் இந்த வேறுபாட்டைத்தான் பேசுகின்றன. பலருக்கும் கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருள் அவர் கையில் அமானிதம். அவருடைய செயலால் நேராமல், வரம்பு மீறலோ அலட்சியமோ இல்லாமல் அது அழிந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அன்னாரின் இரு மாணவர்களோ, பரவிய தீயைப் போன்ற தவிர்க்க முடியாத காரணமில்லாவிட்டால் ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சற்று இறுக்கிப் பிடித்தார்கள். தொழிலாளிகள் பொருளைத் தொலைத்துவிட்டுச் சாக்குச் சொல்லப் பழகிவிடக்கூடாதே என்ற கவலை அதில் இருக்கிறது. அந்தக் கவலையும் நியாயமானதே! மைதானம் சரியில்லை, நடுவர் சரியில்லை, மழை பெய்தது என்று ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காரணம் வைத்திருக்கும் பயிற்சியாளர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்?

வெற்றி பயிற்சியாளரால் வருகிறது என்று நம்புகிற கூட்டம்தான், தோல்வியும் அவரால் வருகிறது என்று தூக்கி எறிகிறது. காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தலைமையிலிருந்து நீக்கிய உமர் (ரலி) அவர்கள், எந்தக் குற்றத்துக்காகவும் அல்ல, வெற்றி காலிதாலேயே வருகிறது என்று மக்கள் மயங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்காகவே நீக்கியதாக விளக்கம் சொன்னார்கள் என்று வரலாறு கூறுகிறது. ஒரே மனிதரின் கையில் அணிகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதற்கு அந்த இன்னொரு காலிதையே பாருங்கள். மும்பை அணியில் 7 ஆண்டுகள் பயிற்சியளித்து 2016இல் விலகினார். முந்திய பருவத்தில் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டு, வேறு சில அணிகள் விலகியதால் மீண்டும் இடம் பெற்ற மிசோரத்தின் அய்ஸ்வால் அணியை ஏற்றார். 2017 ஏப்ரலில் அந்த அணி ஐ-லீக் பட்டத்தையே வென்றது! வடகிழக்கு மாநிலங்களின் அணி ஒன்று அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. 2021 ஜனவரியில் சரிந்துகொண்டிருந்த நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியை இடையில் ஏற்று அரையிறுதிக்குக் கொண்டு சென்றார். அடுத்த பருவத்தில் அதே அணி, அதே பயிற்சியாளர். 11 அணிகளில் 10ஆம் இடம். உழைப்பைக் குறைத்துவிட்டாரா? அறிவு மங்கிவிட்டதா? மனித முயற்சி ஒரு பங்கு. மீதி எங்கிருந்து வருகிறது என்பது முஸ்லிமுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

தோல்விக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஹைதராபாத்தின் செய்யித் அப்துல் ரஹீம் சாஹிபைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் இல்லை. பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே, ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோல்வி! பத்து கோல்கள்! நம்மவரில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இன்றைய வழக்கப்படி அன்றே அவர் கதை முடிந்திருக்க வேண்டும். அவர் தொடர்ந்தார், ஆடும் முறையை மாற்றினார், காலணி அணிந்து ஆடப் பழக்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அந்த அணி நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றவர்கள், செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவை 2-1 என்று வென்றார்கள். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை உட்கார வைத்துவிடாமல், ரஹீம் சாஹிப் முன்வரிசையில் நிறுத்தினார். அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது. அதற்குப் பின் ரஹீம் சாஹிப் ஓராண்டு கூட உயிரோடில்லை. புற்றுநோயால் 1963 ஜூன் 11ஆம் தேதி மறைந்தார்கள்.

தோற்கும் அணியில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோற்றுத் தோற்று அவர்களுக்குத் தங்கள்மீதே நம்பிக்கை போயிருக்கும். அப்படிப்பட்டவர்களிடம் போகிற பயிற்சியாளர், முதல் தோல்வியிலேயே பத்திரிகைக்காரரிடமோ நிர்வாகக் குழுவிடமோ, 'இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?' என்று சொல்லிவிட்டால், அவர் அமானிதத்தில் மோசம் செய்தவர் ஆகிறார். தனிமையில் கண்டிக்கலாம்; சபையில் தாங்க வேண்டும். இந்தத் தாங்கும் வலு தமக்கு இருக்கிறதா என்று கேள்வி கேட்ட சகோதரர் தம்மையே சோதித்துப் பார்க்கட்டும். ஆட்டத்தைப் பற்றிய அறிவைவிட இதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். இன்னொன்று: இப்பொழுது கையிலிருக்கும் பள்ளியின் அணியைப் பருவத்தின் நடுவே விட்டுவிட்டு ஓடக்கூடாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது அல்லாஹ்வின் கட்டளை. பள்ளி நிர்வாகத்திடம் சொல்லி, முறையாக விடைபெற்றே போக வேண்டும்.

வீட்டாரிடமும் கலந்து பேச வேண்டும். தோல்விக்கு மறுநாள் கடைத்தெருவில் ஏச்சைக் கேட்பவர் பயிற்சியாளர் மட்டுமல்லர். பள்ளிக்கூடத்தில் அவர் மகனும் கேட்கிறான். மனைவி மக்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி, அவர்களுடைய மனத்தையும் தயார் செய்வது அவருடைய கடமை. இஸ்திகாரா தொழலாம், தொழ வேண்டும். ஆனால் பச்சை ஜெர்ஸி கனவில் வந்தது, அதனால் வெற்றி நிச்சயம் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள்! இஸ்திகாரா நன்மையைத் தேடும் துஆ. ஆட்டத்தின் முடிவை முன்கூட்டி அறியும் வழி அல்ல.

கடைசியாக, அவர் வெட்கத்தோடு கேட்ட ஒரு கேள்வி: அணி தோற்றுக்கொண்டே இருந்தால் வாங்கும் சம்பளம் ஹலாலா? ஹலால்தான். ஓடிப்போன ஒட்டகத்தைப் பிடித்து வந்தால் இவ்வளவு தருகிறேன் என்று பேசுவது ஒரு வகை. அங்கே ஒட்டகம் வந்தால்தான் கூலி. இத்தனை மாதம், இத்தனை மணி நேரம் பயிற்சியளியுங்கள் என்று பேசுவது வேறு வகை. அங்கே நேரத்துக்கும் உழைப்புக்கும் கூலி. பயிற்சியாளரின் ஒப்பந்தம் இரண்டாவது வகை. ஒரு பருவம் முழுதும் ஓர் ஆட்டம் கூட வெல்லாவிட்டாலும், உழைத்திருந்தால் அந்தப் பணம் அவருடையது. பயிற்சிக்கு வராமல் மட்டம் போட்ட நாட்களின் சம்பளமோ, அணி கோப்பையே வாங்கியிருந்தாலும் சந்தேகத்துக்குரியது; அதை நிர்வாகத்திடம் சொல்லிக் கழித்துக்கொள்ளட்டும். வெற்றி பெற்றதற்காக நிர்வாகம் தன் பணத்திலிருந்து விரும்பித் தனியே ஏதும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டியவர்களின் பணத்திலிருந்து அது வருவதாகத் தெரிந்தால், எவ்வளவு பெரிய தொகையானாலும் தொடக்கூடாது.